எல்லாம் தேவனுடைய ஆளுகைக்குள் இருக்கிறது என்றால், ஏசா எதை இழந்தான்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: "தேவன் சகலத்தையும் ஆளுகிறார் என்று விசுவாசிக்கிறேன். அப்படியானால் என் ஆவிக்குரிய சுதந்தரத்தை நான் மதித்தாலும் மதிக்காவிட்டாலும் அவர் நினைத்ததுதானே நடக்கும்? ஆனாலும் எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தை வாசித்தால் ஏசாவைப்போல ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?"

நான் போதகர் அல்ல. இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. ஆனால் ஏசா, அவன் தம்பி யாக்கோபு என்ற இருவரின் கதையில் சில ஆண்டுகள் யாக்கோபாக வாழ்ந்திருக்கிறேன், அது தெரியாமல் அதே ஆண்டுகளில் ஏசாவாகவும் வாழ்ந்திருக்கிறேன். அதனால்தான் எழுதத் துணிகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று. சிறுவயதில் வேதத்தில் "சுதந்தரம்" என்று வாசிக்கும்போதெல்லாம் அதை "சுதந்திரம்" என்றே எடுத்துக்கொண்டேன், விடுதலை என்ற பொருளில். நம் பழைய மொழிபெயர்ப்பில் சுதந்தரம் என்பது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் உரிமைப் பங்கு. அந்த வித்தியாசம் விளங்கியபோது எனக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது. சங்கீதம் 16-இல் தாவீது "சிறப்பான சுதந்தரம் எனக்கு உண்டு" என்று பாடுவது அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு முந்தைய வசனத்தில் கர்த்தரே தன் சுதந்தரத்தின் பங்கு என்கிறான். நிலத்தை அளந்து பங்கு பிரிக்கும்போது சொல்லும் சொற்களை எடுத்துத் தேவனைப் பற்றிப் பேசுகிறான்.

இனி ஏசா. ஆதியாகமம் 25-இல் வெளியிலிருந்து களைத்து வருகிறான், தம்பி சமைத்த பயற்றங்கூழைக் கேட்கிறான், விலையாகச் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமைப் பங்கைக் கொடுக்கிறான். நான் சாகப்போகிறேனே, இது எனக்கு என்னத்திற்கு என்பது அவன் வாதம். அவன் சாகப்போகவில்லை, பசித்திருந்தான், அவ்வளவுதான். பிறகு வேதம் சொல்வதைக் கவனியுங்கள்: "அவன் புசித்துக் குடித்து எழுந்திருந்து போய்விட்டான்." தயக்கம் இல்லை, திரும்பிப் பார்த்தல் இல்லை. வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிகின்றன. அதற்கு அடுத்த வரியில்தான் அவன் தன் பாகத்தை அலட்சியம்பண்ணினான் என்ற தீர்ப்பு வருகிறது. அவன் தேவனை மறுதலித்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

அவன் எதை இழந்தான்? சொத்தையா? மூத்தவனுக்கு இரண்டு பங்கு என்று உபாகமம் 21 பின்னாளில் சட்டமாகவே சொல்கிறது. ஆகவே சொத்து என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் கதை போகும் போக்கு வேறு. பாகத்தை வாங்கிய யாக்கோபு வீட்டைவிட்டு ஓடுகிறான். "கோலும் கையுமாய்" யோர்தானைக் கடந்தேன் என்று பின்னாளில் அவனே ஜெபத்தில் ஒத்துக்கொள்கிறான். பாகத்தை விற்ற ஏசாவோ ஆதியாகமம் 33-இல் 400 ஆட்களோடு எதிரே வருகிறான். தம்பி அனுப்பிய மந்தைகளைப் பார்த்து, எனக்குப் போதுமானது இருக்கிறது என்கிறான். அது உண்மையும்கூட. விற்றவன் ஏழையாகவில்லை, வாங்கியவன் அதனாலேயே பணக்காரனாகிவிடவும் இல்லை. அப்படியானால் கைமாறியது வேறு ஏதோ ஒன்று. ஆபிரகாமுக்குத் தேவன் சொன்ன வாக்குத்தத்தம், அவர் பெயரோடு தன் பெயரும் சேர்ந்து சொல்லப்படும் உறவு: ஏசாவின் கையைவிட்டுப் போனது அதுதான். அதற்குச் சந்தையில் விலை கிடையாது. விலை இல்லாததால்தான் பசி நேரத்தில் அது ஒன்றுமில்லாததாகத் தெரிந்தது.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பாதிக்கு வருகிறேன். பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே, மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று தேவன் அவர்களுடைய தாய் ரெபெக்காளிடம் சொல்லிவிட்டார். பவுல் ரோமர் 9-இல் இதையே எடுத்துக்காட்டுகிறார். இதை வைத்துச் சபைக்குள் நெடுங்காலமாக வாதம் நடக்கிறது. மனிதனின் பதிலுக்கும் இடமுண்டு என்று சொன்ன நெதர்லாந்து இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தவர்கள் 1610-இல் தங்கள் மறுப்பை ஐந்து கூற்றுகளாக எழுதிக் கொடுத்தார்கள். 1618-19-இல் டார்ட் நகரில் கூடிய சபைச் சங்கம், தேவனுடைய தெரிந்தெடுப்பையே வலியுறுத்தி அதற்குப் பதில் எழுதியது. அந்த வாதத்தை இங்கே தீர்க்க என்னால் ஆகாது. ஆனால் ஆதியாகமத்தை மெதுவாக வாசித்தால் இரு தரப்பாரும் மறுக்க முடியாத ஒன்று தெரியும்: தேவனுடைய தீர்மானம் நிறைவேறியது, ஆனால் அதை நிறைவேற்றித் தருகிறேன் என்று கிளம்பிய மனிதர்களின் பொய்யை அவர் பொய்யல்ல என்று ஆக்கவில்லை.

யாக்கோபைப் பாருங்கள். அவனுக்கு என்று சொல்லப்பட்டதைத்தான் அவன் திருடினான்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில் போர்த்து, அண்ணனின் உடையை உடுத்தி, பார்வை மங்கிய தகப்பனுக்கு முன் நான்தான் ஏசா என்றான். பிறகு என்ன நடந்தது? சில நாள் தாய்மாமன் லாபானிடம் இரு என்று தாய் அனுப்பினாள். அது 20 ஆண்டுகள் ஆனது. தாயும் மகனும் மறுபடியும் சந்தித்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. பிற்காலத்தில் அவனுடைய சொந்தப் பிள்ளைகளே தம்பி யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பவைக்க, வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் அவன் அங்கியைத் தோய்த்து அவன் முன் கொண்டுவந்து வைத்தார்கள். அதே வெள்ளாடு, அதே உடை, ஏமாறுகிறவன் மட்டும் மாறியிருக்கிறான்.

ஏசா, யாக்கோபு இருவருடைய பாவமும் என் பார்வையில் ஒன்றுதான். தேவன் தருவார் என்று இருவராலும் காத்திருக்க முடியவில்லை. ஒருவன் காத்திருக்க முடியாமல் விற்றான், இன்னொருவன் காத்திருக்க முடியாமல் பறித்தான். ஆகவே தேவனுடைய ஆளுகையை நம்புவதையும் சுதந்தரத்தை மதிப்பதையும் தனித்தனியாக வைத்து எடைபோட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அவர் ஆளுகிறார் என்று உண்மையாகவே நம்புகிறவன் அவர் தந்ததை மலிவாக விற்க மாட்டான். அவர் தரப்போவதைக் குறுக்குவழியில் எடுக்கவும் மாட்டான்.

என் கதையைச் சொல்கிறேன். நாங்கள் மூன்று பிள்ளைகள், நான் கடைசி. வீடு கடைசி மகனுக்கு என்று அப்பா பலமுறை எல்லோர் முன்னிலும் சொல்லியிருந்தார், எழுதி வைக்கவில்லை. அவர் இறந்தபின் அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பயத்தைத் தந்தது. "ஆண்டவரே, உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்று ஒவ்வொரு நாளும் ஜெபித்தேன். ஜெபித்துக்கொண்டே, அண்ணனுக்கும் அக்காவுக்கும் தெரியாமல் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிப் பத்திரத்தை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். அப்பா சொன்னதைத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு எனக்கு வந்தது. அண்ணன் ஆறு ஆண்டுகள் என்னோடு பேசவில்லை.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. அப்பா இருந்தவரை இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு சங்கீதம் வாசிப்பார். பிறகு அம்மா, அண்ணன், அக்கா, நான் என்று வரிசையாகப் பெயர் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாக்கியம் ஜெபிப்பார். வீடு என் பெயருக்கு வந்த பிறகு வந்த முதல் இரவில், எட்டரை மணி ஆனதைக் கடிகாரம் பார்க்காமலே என் உடம்பு அறிந்துகொண்டது. எழுந்துபோய்த் தொலைக்காட்சியைப் போட்டேன். வீட்டுக்காக அவ்வளவு பாடுபட்டவன், அந்த வீட்டின் எட்டரை மணிக்கு நான்தான் வாரிசு என்று கேட்கவே இல்லை. புசித்துக் குடித்து எழுந்திருந்து போய்விட்டேன்.

எபிரெயர் 12:17 உங்களைப் பயமுறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஏசா கண்ணீரோடு தேடியும் மனம் மாறுதலைக் காணவில்லை என்ற இடம். எனக்கும் அது பல இரவுகள் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தக் கண்ணீரை ஆதியாகமம் 27-இல் போய்ப் பாருங்கள். என்னையும் ஆசீர்வதியும் என்று அலறுகிறான். ஆனால் நான் அலட்சியம்பண்ணினேன் என்று ஒரு முறையும் சொல்லவில்லை. தம்பி என் சேஷ்டபுத்திரபாகத்தை எடுத்துக்கொண்டான் என்கிறான். தானே விற்றதை, தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறான். அழுகை ஓய்ந்ததும் தம்பியைக் கொல்லத் தீர்மானிக்கிறான். போன ஆசீர்வாதத்துக்காக அழுதான், போகவிட்ட தன் இருதயத்துக்காக அழவில்லை. "நான் ஏசாவாகிவிடுவேனோ" என்று கலங்கி இங்கே வந்து கேட்கிறீர்களே, அந்தக் கலக்கம் ஏசாவிடம் இருந்ததாக நான் எங்கும் வாசித்ததில்லை.

பயத்துக்கு மருந்தாக எனக்கு இருப்பது 1 பேதுரு 1-ஆம் அதிகாரத்தின் 4, 5 வசனங்கள். அழியாத, மாசற்ற, வாடாத சுதந்தரம் பரலோகத்தில் உங்களுக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் வருகிறது. அடுத்ததாக, நீங்களும் தேவனுடைய பலத்தினாலே காக்கப்படுகிறீர்கள் என்று வருகிறது. சொத்தும் அவர் காவலில், வாரிசும் அவர் காவலில்! எப்படிக் காக்கிறார் என்றால் "விசுவாசத்தைக்கொண்டு" என்கிறார் பேதுரு. உங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அவர் காக்கவில்லை. உங்களுக்குள் நம்பிக்கையையும், நீங்கள் இப்போது உணரும் இந்த எச்சரிக்கையையும் உயிரோடு வைத்தே காக்கிறார்.

எபேசியர் 1:14 ஆவியானவரை நம் சுதந்தரத்தின் அச்சாரம் என்கிறது. அச்சாரம் என்றால் முன்பணம். வாங்குகிறவர் அதைக் கொடுத்துவிட்டால், மீதியைக் கட்டி முடிக்க அவர் கடமைப்பட்டவர். இங்கே முன்பணம் கொடுத்திருப்பவர் தேவன். கையில் அச்சாரத்தை வைத்துக்கொண்டு, முழுத்தொகை வருமோ வராதோ என்று நாம் வேறு ஆளைத் தேடுகிறோம்.

இப்படி நம்பிக் காத்தவர்கள் எல்லோருக்கும் எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்குப் பதிலாக அதைவிட நல்ல தோட்டம் தருவதாக ஆகாப் ராஜாவே சொன்னான். பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க மாட்டேன் என்றான் நாபோத், அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். தேவன் எலியா தீர்க்கதரிசியை அனுப்பி ஆகாபிடம் கணக்குக் கேட்டார், ஆனால் நாபோத்தின் உயிர் அந்த விலைக்குப் போய்விட்டது. இதை மறைத்துவிட்டுத் தேவனுடைய ஆளுகையைப் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது.

எரேமியா தீர்க்கதரிசியை நான் அதிகம் நினைப்பேன். யூதாவின் ராஜா சிதேக்கியாவின் 10-ஆம் ஆண்டு. பாபிலோனின் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. எரேமியா காவல்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும் என்று முன்னறிவித்ததும் அவர்தான். அந்த நிலையில் ஆனதோத்திலுள்ள நிலத்தை மீட்டுக்கொள் என்று பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வருகிறான். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைக்கிறார், சாட்சிகளை வைக்கிறார், நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைக்கிறார். எதிரியின் கையில் போகப்போகிற நிலத்துக்கு இத்தனை ஒழுங்கு! எரேமியா 32-ஐ மறுபடி வாசித்தால் ஒன்று கண்ணில் படும். பணத்தைக் கொடுத்து, பத்திரத்தை ஒப்படைத்த பிறகுதான் அவர் ஜெபிக்கிறார். உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை என்று தொடங்கும் அந்த ஜெபம் முடியும்போது, நகரம் விழுகிறதே, இந்த நேரத்தில் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்ற திகைப்பும் வெளிவருகிறது. முழுத் தெளிவு வந்த பிறகு கீழ்ப்படியலாம் என்று அவர் இருக்கவில்லை. என் வழக்கமோ நேர்மாறாக இருந்தது: ஜெபத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துவிட்டுப் பத்திரத்தை என் கையிலேயே வைத்துக்கொள்வது.

ஆறாவது ஆண்டில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். யாக்கோபு ஏழு முறை தரைமட்டும் குனிந்து அண்ணனிடம் போனதையும், கொண்டுபோன காணிக்கையைக் கொடுத்ததையும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். அந்த இடத்தில் எபிரெய மூலத்தில் காணிக்கைக்கு வரும் சொல்லின் பொருள் "ஆசீர்வாதம்". என் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள் என்கிறான் யாக்கோபு. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதுபோல. நான் வீட்டுப் பத்திரத்தின் நகலை எடுத்துப் போயிருந்தேன். மூன்று பேர் பெயருக்கும் மாற்றிவிடலாம் என்று சொன்னேன்.

அண்ணன் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. "சாப்பிட்டாயா?" என்றார். பிறகு, "எட்டரை மணி ஜெபம் அங்கே நடக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதைச் சொல்வது பத்திரத்தைப் பற்றிச் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது.

அன்று இரவு அவருடைய பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்தேன். 16-ஆம் சங்கீதம் வாசித்தார். பிறகு அப்பா சொல்லும் அதே வரிசையில், அதே அளவில், ஒரு பெயருக்கு ஒரு வாக்கியமாக ஜெபித்தார். அம்மா, அக்கா, அடுத்து என் பெயர். நான் வந்திருப்பதால் சேர்த்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ஜெபம் முடிந்ததும் அவருடைய சின்ன மகள் என்னை நிமிர்ந்து பார்த்து, "தினமும் சொல்கிற சித்தப்பா நீங்கள்தானா?" என்று கேட்டாள்.