ஐ5-7200யூ, ஐ5-8250யூ: பழைய மடிக்கணினியில் எது மேல்?

இன்டெல் ஐ5-7200யூ, ஐ5-8250யூ ஆகியவற்றில் எந்தச் செயலி (புராசஸர்) கொண்ட பழைய மடிக்கணினியை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விலை வேறுபாடு சிறிதென்றால், தயங்காமல் 8250யூ-வையே தேர்ந்தெடுங்கள்.

முன்னது 2016-இலும் பின்னது 2017-இலும் வெளிவந்தன. இடைவெளி ஓராண்டுதான் என்றாலும், 15 வாட் மின்திறனுக்கு வடிவமைக்கப்பட்ட இந்த வரிசையில் ஐ5 செயலிகள் இரண்டு கோர்களிலிருந்து (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) நான்கிற்கு உயர்ந்தது அப்போதுதான். 7200யூ-வில் 2 கோர்கள், 4 திரெட்கள் (ஒரே நேரத்தில் கையாளும் பணித்தொடர்கள்), 3 எம்பி கேஷ் (செயலிக்குள் உள்ள அதிவேக நினைவகம்) உள்ளன. 8250யூ-வில் இவை ஒவ்வொன்றும் இருமடங்கு. அடிப்படை வேகம் முன்னதில் 2.5 கிகாஹெர்ட்ஸ், பின்னதில் 1.6 என்பதைப் பார்த்துப் பலர் பழையதே வேகமானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், இது வருத்தத்திற்குரிய தவறான புரிதல். நான்கு கோர்களும் அதே 15 வாட்டுக்குள் தொடர்ந்து இயங்க வேண்டியிருப்பதால்தான் அந்த எண் குறைவாகக் குறிக்கப்பட்டுள்ளது. தேவைப்படும்போது தற்காலிகமாக எட்டும் டர்போ வேகமோ 3.1-க்கு எதிராக 3.4 கிகாஹெர்ட்ஸ். ஆகவே ஒற்றைக் கோர் வேலைகளிலும் 8250யூ பின்தங்குவதில்லை. காணொளிகளை வேறு வடிவத்துக்கு மாற்றுதல், நிரல் தொகுப்பு (கம்பைல் செய்தல்) போன்ற கனமான பணிகளில் தெளிவாக முந்துகிறது. ஆனால் மெல்லிய உடலும் பலவீனமான விசிறியும் கொண்ட கணினியில் வெப்பம் ஏறியதும் வேகம் இறங்கும் என்பதால், வாங்குமுன் சற்று நேரம் இயக்கிப் பார்ப்பது அவசியம்.

கிராபிக்ஸ் திறன் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வ ஆதரவு 8250யூ-வுக்கு உண்டு, 7200யூ-வுக்கு இல்லை.

இணையமும் ஆவணத் தட்டச்சும் மட்டுமே உங்கள் தேவை என்றால், ஹார்டு டிஸ்க்குடன் வரும் 8250யூ-வை விட, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் உள்ள மலிவான 7200யூ கணினியில், விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸ் நிறுவிக்கொள்வது நல்ல தேர்வு.