கம்ப்ளீட்டா, ஃபினிஷ்டா?

கேள்வி: ரிப்போர்ட்டை முடித்து மேலதிகாரிக்கு அனுப்பும்போது 'தி ரிப்போர்ட் இஸ் கம்ப்ளீட்' என்று எழுதுவதா, 'ஃபினிஷ்ட்' என்பதா? ஹோல், என்டையர் இரண்டில் எதை எங்கே போடுவது என்பதிலும் குழப்பம்.

பதில்: ரிப்போர்ட்டுக்கு எதை எழுதினாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. ஃபினிஷ்ட் என்றால் உங்கள் வேலை முடிந்தது, அவ்வளவுதான். நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால் அதற்கு அந்தச் சொல் பொறுப்பேற்காது. கம்ப்ளீட் என்றால் இருக்க வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கிறது. சீட்டுக்கட்டில் 52 சீட்டும் இருந்தால் கட்டு கம்ப்ளீட், ஆட்டம் முடிந்தால் ஃபினிஷ்ட். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒருமுறை பக்கங்களைச் சரிபார்த்துவிட்டு கம்ப்ளீட் என்றே எழுதுவேன்.

உண்மையில் பலரும் சறுக்குவது வேறு இடத்தில். 'ஐ கம்ப்ளீட்டட் ரீடிங் தி புக்' என்று எழுதுகிறார்களே, அங்கேதான். ரீடிங், ரைட்டிங் மாதிரி இங்-கில் முடியும் சொல் பின்னால் வந்தால் ஃபினிஷ் போடுங்கள்: 'ஐ ஃபினிஷ்ட் ரீடிங்'. கம்ப்ளீட்டுக்கு 'கோர்ஸ்', 'ப்ராஜெக்ட்' என்று ஒரு பெயர்ச்சொல் வேண்டும். 'கம்ப்ளீட் தி ஃபார்ம்' என்று கேட்டால் எல்லாக் கட்டங்களையும் நிரப்பச் சொல்கிறார்கள். இன்னொன்று, 'ஐ ஆம் ஃபினிஷ்ட்' என்பதற்கு வேலையை முடித்துவிட்டேன் என்றும் அர்த்தம் உண்டு, என் கதை முடிந்தது என்றும் உண்டு. மேலதிகாரிக்கு எழுதும்போது எதற்கு வம்பு, 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்' என்றே எழுதிவிடுங்கள்.

ஹோல், என்டையர் இரண்டும் பொருளில் ஏறக்குறைய ஒன்றுதான். என்டையரில் அழுத்தம் கொஞ்சம் கூடுதல், எழுத்து நடைக்கு நெருக்கம். 'தி ஹோல் புக்', 'தி என்டையர் புக்' இரண்டுமே சரி. ஹோலில்தான் கவனம் வேண்டும். நாடு, கண்டத்தின் பெயருக்கு முன்னால் அதை வெறுமனே போட முடியாது, 'தி ஹோல் ஆஃப் யூரோப்' என்று நடுவில் ஓர் 'ஆஃப்' வர வேண்டும். பல பேரைச் சேர்த்துச் சொல்லும்போது 'தி ஹோல் ஸ்டூடண்ட்ஸ்' என்று எழுதுவதும் தப்பு, அங்கே 'ஆல் தி ஸ்டூடண்ட்ஸ்'. முன்பின் தெரியாத ஆளைச் சொல்ல ஹோலும் என்டையரும் உதவாது. அவர் 'கம்ப்ளீட் ஸ்ட்ரேஞ்சர்', வேண்டுமானால் 'டோட்டல் ஸ்ட்ரேஞ்சர்'.