சாப்பாட்டோடு வைக்க எளிய ஃப்ரூட் காப்ளர் செய்வது எப்படி?

கேள்வி: ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் ஆபீஸ் பாட்லக்குக்கு, பழத்தோடு மாவு சேர்த்து ஓவனில் சுடும் ஃப்ரூட் காப்ளர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டேன். அதை ‘சைட் டிஷ்’ பட்டியலில் எழுதிவிட்டார்கள். இனிப்பை எப்படிச் சாப்பாட்டோடு வைப்பது? இதுவரை நான் எதையும் ஓவனில் பேக் செய்ததில்லை. சுலபமான வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. பட்டியலில் எழுதியவர் மேலும் தப்பில்லை. நான் ஒன்பது வருடமாக அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இருக்கிறேன். இந்தத் தென்மாநிலங்களில் ‘மீட் அண்ட் த்ரீ’ என்று ஒரு வகை உணவகம் உண்டு. ஒரு இறைச்சி எடுத்தால், தொட்டுக்கொள்ள மூன்று அயிட்டம் நாமே தேர்ந்தெடுக்கலாம். காலர்ட் கீரை, பீன்ஸ், மக்ரோனி சீஸ் என்று போகும் அந்த வரிசையில் சில கடைகளில் பீச் பழக் காப்ளரும் இருக்கும். மக்ரோனியையே காய்கறிக் கணக்கில் சேர்க்கிற ஊர் இது, காப்ளருக்கு மட்டும் என்ன குறை!

முதல் தடவை தட்டில் பொரித்த கோழிக்குப் பக்கத்திலேயே அதைப் பார்த்தபோது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, நம் வீட்டு மாங்காய்ப் பச்சடி செய்வதும் இதே வேலைதானே? வெல்லம் போட்டதுதான், ஆனால் அதைப் பாயசம் என்று யாரும் சொல்வதில்லை. நீங்களும் பச்சடியை நினைத்துக்கொண்டு செய்யுங்கள். இனிப்பைக் குறைத்துப் புளிப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டால், புகையில் வாட்டிய பன்றி இறைச்சியோடும் பொரித்த கோழியோடும் பிரமாதமாகப் போகும். ஐஸ்கிரீம் மட்டும் வேண்டாம். வைத்தால் அது டெசர்ட் ஆகிவிடும்.

காப்ளரில் பிஸ்கட் (இங்கே அது மெத்தென்ற சிறு ரொட்டி) மாவை மேலே வைப்பது, பை (pie) மாவைத் தேய்த்து மூடுவது என்று பல வகை. புதிதாகச் செய்பவர்களுக்கு மாவைக் கரைத்து ஊற்றும் வகைதான் சரி. மைதா ஒரு கப், பால் ஒரு கப், சர்க்கரை ஒரு கப், வெண்ணெய் ஒரு ஸ்டிக் (113 கிராம்) என்பது இங்கே பல வீடுகளில் மனப்பாடமாக இருக்கும் கணக்கு. நான் சர்க்கரையை அரை கப்பாகக் குறைத்துவிடுவேன். பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. ‘செல்ஃப் ரைசிங்’ மாவு வாங்கியிருந்தால் இவை இரண்டும் அதிலேயே இருக்கும், தனியாகப் போடாதீர்கள். முட்டை கிடையாது என்பதால் ஆபீஸில் முட்டை சாப்பிடாதவர்களும் தைரியமாக எடுத்துக்கொள்வார்கள்.

பழத்துக்கு பீச் மூன்று கப். கொதிநீரில் அரை நிமிடம் போட்டுக் குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தக்காளித் தோல் மாதிரி உரிந்து வரும். ஜூன் நடுவிலிருந்து வரும் பழம் பெரும்பாலும் கொட்டையிலிருந்து சுலபமாகக் கழன்றுவிடும். மே மாதப் பழத்தில் சதை கொட்டையை விடாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். சீசன் இல்லையா? டின் பழத்தில் பாகை வடித்துவிட்டுப் போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். உறைந்த பழமென்றால் முழுக்க இளகிய பிறகுதான் எடுக்க வேண்டும். சூடான கண்ணாடிப் பாத்திரத்தில் ஐஸ் மாதிரி இருக்கும் பழம் விழுந்தால் பாத்திரம் விரிசல் விடலாம். எந்தப் பழமானாலும் எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன், சுக்குப்பொடி ஒரு சிட்டிகை சேர்த்துப் பிசறி வையுங்கள். சுக்கு என் சொந்தச் சேர்க்கை, பிடிக்காவிட்டால் விடுங்கள்.

ஓவனை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் போட்டு, எட்டங்குலச் சதுரப் பாத்திரத்தில் வெண்ணெயை உள்ளே வைத்து உருக்குங்கள். அதன் மேல் கரைத்த மாவை ஊற்றுங்கள். அதன் மேல் பழத்தைப் பரப்புங்கள். இப்போது கை பரபரக்கும்: வெண்ணெய் ஓரத்தில் மிதக்கிறதே, ஒரு கிளறு கிளறினால் என்ன என்று. கிளறவே கூடாது! முதல் தடவை நான் கிளறினேன். களிக்கும் ரப்பருக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது, மனைவி அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. சும்மா விட்டால் கனமான பழம் கீழே இறங்கும், பேக்கிங் பவுடர் மாவை உப்ப வைத்து மேலே தூக்கும், ஓரம் வெண்ணெயில் மொறுமொறுவென்று ஆகும். 45 முதல் 50 நிமிடம் பிடிக்கும். சர்க்கரை குறைவு என்பதால் நிறம் சற்று வெளிறித் தெரியலாம். கடைசிப் பத்து நிமிடத்தில் மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவினால் சரியாகிவிடும்.

எடுத்தவுடன் பரிமாறாதீர்கள், சாறு தண்ணியாக ஓடும். இருபது நிமிடம் ஆறினால் கெட்டிப்படும். ஆபீஸுக்குக் கொண்டுபோகும்போது இறுக்கமான மூடி போட்டால் ஆவி வேர்த்து மேலே எல்லாம் ஊறிவிடும். ஒரு மெல்லிய துணியைப் போர்த்தி எடுத்துப்போங்கள். பெரிய கரண்டி ஒன்றையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பாட்லக்கில் அது மட்டும் எப்போதும் இருக்காது.