டப்பாவுக்குப் போகும் கை

வணக்கம் சார்,

நீங்கள் எடை குறைத்ததைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். எனக்கு வயது 41. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஆறு மாதமாக எடையைக் குறைக்க முயல்கிறேன். காலை உணவை விட்டுவிட்டேன். மதியம் அரை வயிறு. இரவு எட்டரை மணிக்கு அளவான சாப்பாடு. முதல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது, அப்புறம் முள் நகரவே இல்லை. காரணம் எனக்கே தெரியும், கொறிப்பதுதான். மாலை ஐந்து மணி ஆனால் பிஸ்கட்டோ சிப்ஸோ வேண்டும். இரவு சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், வயிறு நிறைந்திருக்கும்போதே கை மறுபடியும் டப்பாவைத் தேடுகிறது. பாதாம், முந்திரி என்று மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை. 21 நாள் கொறிக்காமல் இருந்தால் பழக்கம் போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள், கேக். அன்றோடு எல்லாம் விட்டுப்போயிற்று. "உங்களுக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்கிறாள் மனைவி. என் மனக்கட்டுப்பாடு அவ்வளவுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாயைக் கட்டச் சொல்லி நானும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். ஆனால் என் விஷயத்தில் வாய் அப்பாவி. குற்றவாளி வலது கை.

இரவில் எழுதும்போது மேசையின் வலது ஓரத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். ஒருநாள் ஏதோ ஒரு பத்தியில் மாட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரகரவென்று சத்தம் கேட்டுத் திரும்பினால், என் விரல்கள் டப்பாவின் அடித்தகரத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கின்றன. டப்பா காலி. அன்று மாலைதான் நிரப்பி வைத்தது. அடுத்து நான் செய்தது அதைவிடக் கேவலம். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, மூலையில் கிடந்த தூளை ஒற்றியெடுத்துச் சாப்பிட்டேன். அதுவரை உள்ளே போனது இனிப்பா உப்பா என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

இது என் வீட்டுக் கூத்து மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. டேவிட் நீல், வெண்டி வுட் முதலான உளவியலாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சினிமா பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் பொரித்த பாப்கார்ன், மீதிப் பேருக்கு ஒரு வாரம் பழசானது. தியேட்டர் என்றாலே பாப்கார்ன் என்று பழகியவர்கள், நமுத்துப்போன பாப்கார்னையும் புதியதைப் போலவே கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தின்றார்கள். ருசி எப்படி என்று கேட்டால், நன்றாக இல்லை என்றும் சொன்னார்கள்! அதே ஆட்களைப் போன்றவர்களை ஒரு கூட்ட அறையில் உட்கார வைத்துப் பாட்டு வீடியோ போட்டபோது, பழசைக் குறைவாகத்தான் தொட்டார்கள். இன்னொரு தடவை தியேட்டரிலேயே, பழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னார்கள். அப்போதும் பழசு மீந்துபோனது. ருசிக்காகவும் இல்லை, பசிக்காகவும் இல்லை. இருட்டு, இருக்கை, மடியில் டப்பா. இவை சேர்ந்தால் கை தானாகப் போகிறது. இதில் உங்கள் குணத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்று. மாலையில் கொறிப்பதையும் இரவில் கொறிப்பதையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அவை இரண்டும் வேறு வேறாகத் தெரிகின்றன.

ஐந்து மணிக்கு உங்களுக்கு வருவது பசி. சுத்தமான, நியாயமான பசி. காலையில் ஒன்றுமில்லை, மதியம் அரை வயிறு, அடுத்த சாப்பாடு எட்டரைக்கு. இதில் ஐந்து மணிக்குப் பசிக்காவிட்டால்தான் டாக்டரிடம் போக வேண்டும். வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பே அது ஏற ஆரம்பிக்கிறது. ஆறு மாதமாக ஐந்து மணிக்கு பிஸ்கட் கொடுத்து அதற்கு நேரம் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். இந்தப் பசியோடு மல்லுக்கட்டாதீர்கள். மதியத்தை முக்கால் வயிறாக்குங்கள், அதில் முட்டையோ பயறோ பருப்போ கூடுதலாக இருக்கட்டும். புரதம் கொஞ்ச நேரம் தாங்கும். ஐந்து மணிக்கும் சாப்பிடுங்கள், ஆனால் தட்டில் போட்டு, உட்கார்ந்து: ஒரு பழம், ஒரு கிண்ணம் தயிர். காலை உணவை விடுவது சிலருக்கு ஒத்துப்போகிறது. உங்களுக்கு ஒத்துப்போகிறதா என்பதை மாலை ஐந்து மணி சொல்லிவிடும்.

பாதாம், முந்திரிக்கு வருவோம். நல்ல உணவுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். பாதாமில் பாதிக்குப் பாதி கொழுப்பு. 100 கிராம் பிஸ்கட் 450 முதல் 500 கலோரி என்றால், பாதாம் 600ஐத் தொடும். ஒரு கைப்பிடி சுமார் 30 கிராம், 170-180 கலோரி. டிவி பார்த்துக்கொண்டே மூன்று கைப்பிடி போனால் ஒரு வேளைச் சாப்பாடு உள்ளே போயிற்று. ஆளை மாற்றினீர்கள், டப்பா அதே இடத்தில்தானே இருந்தது.

அதற்காக சிப்ஸும் பாதாமும் ஒன்று என்று சொல்லவில்லை. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை அங்கேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பக்குவமாகி வந்த உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்த வாரங்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடையும் ஒரு கிலோ அளவுக்கு ஏறியது. அந்தப் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு நிறுத்த முடியவில்லை என்றால், பழியை முழுக்க உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இரவில் வருவது வேறு. அது பழக்கம். சந்தேகம் இருந்தால் நான் செய்யும் சோதனையைச் செய்து பாருங்கள். "மத்தியானம் மீந்த சாப்பாடு இருக்கிறது, சூடு பண்ணித் தரட்டுமா?" என்று உங்களையே கேளுங்கள். சரி என்றால் பசி. "சேச்சே, அது வேண்டாம், மொறுமொறுவென்று ஏதாவது..." என்று இழுத்தால், அது கை பேசுவது.

எனக்கு உதவியது, நாற்காலியை மாற்றியது. சிரிக்காதீர்கள். மேசையோடு சேர்த்து ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், வலது ஓரம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. டப்பாவைப் பரணில் வைத்தேன். வீட்டில் மற்றவர்களும் சாப்பிட வேண்டுமே, வாங்காமலே இருக்க முடியாது. வேண்டும் என்றால் ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கலாம், தடையில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள், நாம் என்ன செய்கிறோம் என்று நமக்கே தெரிந்துவிடும். முதல் வாரம் நான்கு தடவை ஏறினேன். அப்புறம் சோம்பேறித்தனம் ஜெயித்தது. நீங்கள் சோபாவின் மறு முனைக்கு மாறி உட்காரலாம், சாப்பிட்டதும் பல் தேய்த்துவிடலாம், சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இடது கையால் சாப்பிடலாம். தண்ணீர் குடித்தால் அடங்கும் என்பார்கள். எனக்கு அடங்கவில்லை, கூடுதலாக இரண்டு தடவை எழுந்து போனதுதான் மிச்சம். டப்பாவை ஒளித்துவைக்கும் பொறுப்பை மட்டும் மனைவியிடம் கொடுக்காதீர்கள். கண்டுபிடித்துவிடுவீர்கள், சண்டையும் வரும்.

தூக்கம் குறைந்தாலும் மறுநாள் பசி தூக்கலாக இருக்கும். பத்தரைக்கே டிவியை அணைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

21 நாள் கதையின் மூலம் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்பவர் 1960இல் எழுதிய புத்தகத்தில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தான் கவனித்ததைச் சொன்னார். 'குறைந்தது' என்ற சொல் போகப் போக உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து உண்மையிலேயே அளந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். ஒரு புதுப் பழக்கம் படிய நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்றும் பார்த்தார்கள். ஆகவே கேக்கைக் குற்றம் சொல்ல முடியாது. பத்தாம் நாள் காலையில் என்ன ஆயிற்று என்றுதான் கேட்க வேண்டும்.

முள் நகராததற்கு வேறு காரணங்களும் உண்டு. உடம்பு இளைத்தால் அதற்குத் தேவைப்படும் கலோரியும் குறையும். உப்பையும் தண்ணீரையும் பொறுத்து எடை ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். வாரக் கணக்கில் பாருங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் எந்த வேளையையும் நிறுத்தாதீர்கள். யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல் தின்றுவிட்டுப் பிறகு உடைந்துபோவது போல் இருந்தால், அதற்கு நாற்காலி, பரண் எல்லாம் போதாது. அதற்கும் டாக்டர் இருக்கிறார், கூச்சப்பட வேண்டாம்.

என் தகர டப்பா பிறகு காலியாகவே மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது அதில் பழைய பேட்டரிகளும் எதற்கென்றே தெரியாத இரண்டு சார்ஜர் வயர்களும் கிடக்கின்றன. போன வாரம்கூட எழுதிக்கொண்டிருக்கும்போது கை உள்ளே போயிருக்கிறது. ஒரு பேட்டரியை எடுத்துக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தேன்.