தரைக்கும்பியும் பனங்குருத்தும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் மகன் எல்லைக் காவல் படையில் இருக்கிறான். இப்போது உத்தரப்பிரதேசத்தில், நேபாள எல்லையோரம் வேலை. மாசியில் அங்கே புல்லை எரித்துவிட்டார்களாம். கொஞ்ச நாளில் அந்தக் கரிக்குள்ளிருந்து இலையே இல்லாமல் பெரிய பூ ஒன்று வந்திருக்கிறது. செடி ஒரு சாண்கூட இல்லை. பழத்தைத் தின்போம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்களாம். படம் அனுப்பியிருக்கிறேன். அது என்ன செடி? விதை வாங்கி வந்து நம் மணலில் போட்டால் வருமா?
— ஒரு தாய், உச்சிப்புளி

அம்மா, படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருகின புல் தூர்கள், அவற்றுக்கு நடுவே நாலு இதழ்ப் பூ. நடுவில் இளஞ்சிவப்பாக, குஞ்சம் கட்டியது போலக் கொத்துக் கொத்தாக இழைகள். ஒரு இதழின் ஓரத்தில் சாம்பல் ஒட்டியிருக்கிறது. இந்தப் பூவை நேரில் பார்க்க எனக்கும் ஆசை. உங்கள் பையன் கொடுத்துவைத்தவன்.

வடக்கே கும்பி என்றொரு மரம் உண்டு. தமிழில் ஆயிமா என்றும் பேழை என்றும் சொல்வார்கள். நம் மலைக்காடுகளிலும் அது இருக்கிறது. அதன் பட்டை நாரைத் திரித்து, பழைய காலத்துத் துப்பாக்கிகளுக்குத் தீத்திரியாக வைத்திருந்தார்கள். உங்கள் மகன் பார்த்தது அந்த மரத்தின் தரையோடு வளரும் உறவு. 'பூயீ கும்பி' என்பார்கள், அதாவது தரைக்கும்பி. தாவரவியலில் கேரியா ஹெர்பேசியா. கல்கத்தா தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ராக்ஸ்பரோ வைத்த பெயர் அது. செராம்பூரில் பைபிள் அச்சடித்துக்கொண்டே தோட்டமும் போட்ட வில்லியம் கேரியை நினைத்து 'கேரியா' என்றார். நாட்டு மருந்துக் கடையில் சமுத்திராப்பழம் வாங்கியிருப்பீர்கள். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

பார்க்கத்தான் ஒரு சாண் செடி. உண்மையில் அது மண்ணுக்குள் படுத்திருக்கும் மரம். அடியில் கட்டை போலத் தடித்த வேர்த்தண்டு ஒன்று இருக்கிறது. வருஷம் முழுக்கச் சேர்த்த மாவுச்சத்தும் மொட்டுகளும் அதில்தான். புல் தீ சடசடவென்று சில நிமிஷத்தில் கடந்துவிடும். மண்ணில் சூடு சீக்கிரம் இறங்காது. நாலு விரற்கடைக்குக் கீழே பெரிதாக ஒன்றும் தெரியாது. மேலே இருப்பது கருகினாலும் கட்டை பிழைத்துக்கொள்ளும்.

இலைக்கு முன்னால் பூ ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் மகன் இருக்கும் இமயமலை அடிவாரத்து ஈரச் சமவெளியைத் தராய் என்பார்கள். தராய்ப் புல் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். அது எழுந்துவிட்டால் தரையிலுள்ள பூவுக்கு வெளிச்சமும் இல்லை, தேடி வரும் பூச்சியும் இல்லை. எரிந்த தரை சில வாரம்தான் வெட்டவெளியாகக் கிடக்கும். அதற்குள் சேமிப்பைச் செலவழித்துப் பூத்துவிடுகிறது, இலை பிறகுதான். புல் உயர்வதற்குள் பச்சை உருண்டையாகக் காயும் பிடித்துவிடும். காயின் தலையில் மாதுளைக்கு இருப்பது போல ஒரு கிரீடம் இருக்கும். தின்பது உள்ளே இருக்கும் சதையை.

இப்படி மரமாக நிற்க வேண்டியது மண்ணுக்குள் ஒடுங்கியதற்கு உலகில் வேறு சாட்சிகளும் உண்டு. நம் முந்திரிக்கு ஒரு தம்பி பிரேசிலின் செராடோ புல்வெளியில் இருக்கிறான். தண்டெல்லாம் மண்ணுக்கடியில், கொம்பு மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெளியே. அதன் குட்டி முந்திரிப்பழத்தையும் அங்கே தின்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்டவை ஏராளமாக இருப்பதைப் பார்த்து, 1976-ல் பிராங்க் வைட் என்ற தாவரவியலாளர் 'நிலத்தடிக் காடுகள்' என்று பெயரிட்டார். செராடோவின் தீ தாங்கும் வகைகளில் பெரும்பாலானவை கடந்த 40 லட்சம் வருஷத்துக்குள் பிரிந்து வந்தவை என்று 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. எளிதில் தீப்பிடிக்கும் புற்கள் உலகில் ஓங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

சரி, விதை விஷயம். வேண்டாம் அம்மா. அது ஈரமும் கனமும் உள்ள மண்ணில் பழகியது. நமக்கு வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச நாளெல்லாம் உப்புக்காற்று. இன்னொன்று, அந்த இடம் சரணாலயமோ தேசியப் பூங்காவோ என்றால், அங்கிருந்து செடி எடுப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தம்பியிடம் பழம் பழுத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் ஒன்று வேண்டும்.

கேள்வி: சிற்றீச்சம் பழம் சாப்பிடலாமா? புதரை எரித்தாலும் திரும்பத் துளிர்க்கிறதே?
— பெரியபட்டினம் வாசகர்

கறுத்துப் பழுத்ததைத் தாராளமாகச் சாப்பிடலாம். சதை கொஞ்சம், இனிப்பு நிறைய. சிவப்பாக இருக்கும்போது துவர்க்கும். ஓலை எரிந்தாலும் அடித்தூருக்குள் குருத்து பத்திரமாக இருந்தால் துளிர்க்கும்.

கேள்வி: பனங்காட்டில் காய்ந்த புல்லையும் ஓலையையும் கொளுத்திவிட்டால் அடுத்த மழைக்கு வடலி (இளம்பனை) நன்றாக வரும் என்று என் மாமா சொல்கிறார். செய்யலாமா?
— சாயல்குடி வாசகர்

வேண்டாம் தம்பி. இதை நான் பட்டுச் சொல்கிறேன்.

சாயல்குடிக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் பனை உண்டு, அப்பா ஏறிய பனைகள். சில வருஷத்துக்கு முன் ஒரு பங்குனி மதியம் பக்கத்துக் காட்டில் யாரோ வரப்புப் புல்லுக்கு வைத்த தீ, கடல்காற்றில் எங்கள் பக்கம் வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கறுப்பாகக் கிடந்தது. பெரிய மரங்களுக்கு அடிப்பக்கம் கருகியதோடு சரி. இடுப்பு உயர வடலிகள்தான் போயின. அவற்றைச் சுற்றித் தொங்கும் காவோலை பந்தம் மாதிரி எரிந்து, நடுக்குருத்தையே வேகவைத்துவிட்டது. பனைக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் பக்கத்தில் முளைக்க வேறு மொட்டு கிடையாது.

ஆனால் அந்த இடத்தில் ரெண்டு மூன்று இலை விட்டிருந்த கன்றுகள் நாற்பது நாளில் திரும்ப எழுந்தன. முதலில் நம்பவில்லை. ஒன்றைப் பக்கத்தில் தோண்டிப் பார்த்தேன். மேலே இலை கரி. ஒரு சாண் கீழே விரலால் மண்ணை விலக்கினால், வெளிறின மஞ்சளில் ஈரமாகக் குருத்து. அதைத் தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டு மண்ணை மூடினேன். பொங்கலுக்குப் பனங்கிழங்கை அவித்துப் பிளக்கிறோமே, நடுவில் குச்சி மாதிரி இருக்குமே, அதே குருத்துதான். பனங்கொட்டை முளைக்கும்போதே தன் உயிரைக் கீழே இறக்கி வைத்துவிடுகிறது. பல வருஷம் அது மண்ணுக்குள்ளேயே இருக்கும். தராயில் அந்தத் தரைக்கும்பி செய்வதும் இதைத்தான், அதனால்தான் உச்சிப்புளி அம்மாவின் கடிதத்தையும் உங்களுடையதையும் ஒரே வாரத்தில் எடுத்தேன்.

ஆக, சின்னது பிழைக்கும், வளர்ந்தது பிழைக்கும், நடுவில் நிற்பது செத்துப்போகும். உங்கள் மாமா பார்த்த பச்சை, சாம்பல் உரத்தில் சில வாரம் தழைத்த புல்லாக இருக்கும். பனை அதனால் வளர்வதில்லை.

கொளுத்துவதற்குப் பதில், மாசி பிறக்கும் முன்பே வடலியைச் சுற்றித் தொங்கும் காவோலையை அரிவாளால் கழித்து, விடிலி (கருப்பட்டி காய்ச்சும் குடிசை) அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். பதநீர் காய்ச்சுகிறவர்களுக்கு அந்த மாதங்களில் ஓலை எவ்வளவு இருந்தாலும் போதாது. அப்புறம் காட்டைச் சுற்றி நாலு முழ அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மணலாக வையுங்கள். நான் இப்போது தெற்கு எல்லையில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மறுபடி முளைத்த கன்றுகள் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன.