தில்லி வீட்டில் எக் பஃப்ஸ்: வெண்ணெய் உருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

தம்பி, மார்ச்சில் திருநெல்வேலியிலிருந்து மயூர் விஹாருக்கு வந்தேன், இங்கே எந்த பேக்கரியிலும் நம் ஊர் எக் பஃப்ஸ் இல்லை, வீட்டில் சுலபமாகச் செய்ய முடியுமா, கடையில் விற்கும் பஃப்ஸ் மாவு ஷீட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, வீட்டைக் கரோல் பாக் பக்கம் மாற்றலாமா, ஹிந்தி எப்படிப் பழகுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆபீசுக்கு எந்த மெட்ரோ நேராகப் போகிறதோ அந்த லைனில் வீடு பாருங்கள். ஹிந்தி, காய்கறி வண்டிக்காரரிடம் பேசப் பேச வந்துவிடும். இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பஃப்ஸுக்கு வருகிறேன். தில்லிக்குப் புதிதாக வருகிறவர்கள் காசையும் வெண்ணெயையும் வீணாக்குகிற இடம் அது. வந்த புதிதில் நானும் வீணாக்கியதுண்டு.

முதலில் பெயர். இங்கே பஃப்ஸ் என்று கேட்டால் பல கடைகளில் விழிப்பார்கள். ‘பேட்டீஸ்’ என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு பேட்டீஸ், பன்னீர் பேட்டீஸ் எல்லா மார்க்கெட்டிலும் கிடைக்கும். 1926-ல் தொடங்கிய, கன்னாட் பிளேஸில் இருக்கும் வெங்கர்ஸ் பேக்கரியில் பேட்டீஸுக்கென்றே போகிறவர்கள் உண்டு. அதாவது மேல்மாவு இந்த ஊரில் நன்றாகவே கிடைக்கிறது. இல்லாதது, வெங்காய மசாலா மேல் கவிழ்த்த அரை முட்டை. தில்லியில் ஒன்றுமே கிடைக்காது என்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பஃப்ஸ் பார்சல் கொண்டுவருகிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இரண்டு இரவும் ஒரு பகலும் பொட்டலத்தில் கிடந்த பஃப்ஸ் தோல் மாதிரி இழுக்கும், உள்ளே முட்டையும் கெட்டிருக்கும். அதைச் சாப்பிடாதீர்கள்.

இப்போது ஜூன். உங்கள் அடுப்படி மதியம் 38 டிகிரிக்குக் குறையாது. பஃப்ஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது. மாவு ஒரு லேயர், வெண்ணெய் ஒரு லேயர் என்று மாறி மாறி இருக்கிறது. சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி லேயர்களைத் தூக்குகிறது, நடுவிலிருக்கும் கொழுப்பு அவற்றை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். தேய்க்கும்போதே உருகினால் மாவு அதைக் குடித்துவிடும், லேயர் இருக்காது, பிஸ்கட்தான் வரும். ‘தில்லி மைதா சரியில்லை’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் முயன்றவர்கள். மைதாவில் ஒரு குறையும் இல்லை.

நம் ஊர் பேக்கரியில் அந்த வெக்கையிலும் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். அங்கே போடுவது வெண்ணெய் அல்ல, 40 டிகிரிக்கு மேல்தான் உருகும் பஃப் மார்கரின். அதனால்தான் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் ஒரு வழவழப்பு நிற்கிறது. வெண்ணெய் நம் வாய்ச்சூட்டிலேயே கரைந்துபோகும், அது நிற்காது.

ஆகவே அக்டோபர் முடியும்வரை ஃப்ரோசன் ஷீட் வாங்குங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும், வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஆப்களிலும் கிடைக்கும். பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள்: வெண்ணெயா, பாமாயிலில் செய்த கொழுப்பா என்று அங்கே இருக்கும். அதைவிட முக்கியம், வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்த ஷீட்டா என்று பார்ப்பது. கோடையில் இங்கே அது அடிக்கடி நடக்கிறது. கவருக்குள் பொடி ஐஸ் நிறைய இருக்கும், ஷீட் இடைத்தாளோடு ஒட்டிக்கொண்டு கிழியும், மடிப்பில் வெண்ணெய் மஞ்சளாகக் கசிந்திருக்கும். அப்படி வந்தால் திருப்பிக் கொடுங்கள், எந்த ஓவனிலும் அது எழும்பாது. நல்ல ஷீட்டை முதல்நாள் இரவே ஃப்ரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மேடையில் வைத்து உருக்கினால் ஜூனில் மேல்பக்கம் கூழாகியிருக்கும்போது நடுவில் கல்லாக இருக்கும்.

மசாலாவில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை: ஈரம் கூடாது, சூடும் கூடாது. ஒன்பது பஃப்ஸுக்குப் பெரிய வெங்காயம் நான்கு, ஏறக்குறைய 400 கிராம், நீளவாக்கில் மெல்லிசாக அரியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் அரை டீஸ்பூன் சோம்பு, கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, பிறகு வெங்காயம். அது சுருண்டதும் இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள் ஒவ்வொரு டீஸ்பூன், கொஞ்சம் மஞ்சள்தூள். உப்பைக் குறையுங்கள், மேல்மாவிலும் உப்பு இருக்கிறது. தக்காளி போடாதீர்கள். மிதமான தீயில் பதினைந்து நிமிஷமாவது ஆகும். வாணலியில் மசாலாவை ஒரு பக்கம் ஒதுக்கிப் பாருங்கள். காலியான இடத்தில் எண்ணெய் மட்டும் பளபளக்க வேண்டும், தண்ணீர் கோடு ஓடினால் இன்னும் வதக்குங்கள். கரம் மசாலா கடைசியில் அரை டீஸ்பூன். இங்கே விற்கும் பொடியில் பெரிய ஏலக்காயும் சீரகமும் தூக்கலாக இருக்கும், அதைப் போட்டால் ஆலூ பேட்டீஸ் வாசனைதான் வரும். பட்டை, கிராம்பு, சோம்பு மூன்றையும் வறுத்து நீங்களே பொடித்துக்கொள்ளுங்கள். ஊர் ருசி வரவில்லை என்று ஏங்குகிறவர்கள் மாற்ற வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

ஐந்து முட்டையைக் கொதி வந்தபின் ஒன்பது நிமிஷம் வேகவைத்து, ஆறியதும் பாதியாக வெட்டி, வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி எடுங்கள்.

ஷீட்டை 11 செ.மீ. சதுரங்களாக வெட்டும்போது கத்தியை இழுக்காமல் மேலிருந்து நேராக அழுத்துங்கள். இழுத்தால் ஓரத்தில் லேயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி அந்தப் பக்கம் மட்டும் எழும்பாது. நடுவில் ஒரு மேசைக்கரண்டி மசாலா, அதன்மேல் முட்டையைக் கவிழ்த்து, எதிரெதிர் மூலைகளைத் தூக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். அடித்த முட்டையை மேலே மட்டும் தடவுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அது கோந்து மாதிரி லேயர்களைப் பூட்டிவிடும். முட்டை வேண்டாம் என்றால் பாலில் துளி சர்க்கரை கலந்து தடவலாம். தட்டோடு பதினைந்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நேராக ஓவனுக்குள்.

ஓவன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை, வாடகை வீட்டுக்காரர் யாரும் சொல்லமாட்டார். ஓடிஜி என்கிற, மேஜைமேல் வைக்கும் மின்சார ஓவன்களில் பல 1500 வாட்டுக்குக் குறையாது. சாதாரண 6 ஆம்ப் பிளக் தாங்குவது 1400 வாட்டுக்குள்தான். பழைய தில்லி ஃப்ளாட்டுகளில் 16 ஆம்ப் பாயிண்ட் கீஸருக்கும் ஏசிக்கும்தான் இருக்கும், அடுப்படியில் இருக்காது. அடாப்டர் மாட்டி 6 ஆம்ப்பில் சொருகினால் சுவிட்ச் போர்டு உருகும். ஓடிஜி வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் போடச் சொல்லுங்கள்.

மேல் கீழ் இரண்டு ராடும் போட்டு 210 டிகிரியில் இருபது நிமிஷம் காயவிடுங்கள். ஓடிஜியின் குமிழ் காட்டும் சூடும் உள்ளிருக்கும் சூடும் 20, 30 டிகிரி வேறுபடும், உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். காயாத ஓவனில் வைத்தால் மாவு இறுகும் முன்பே வெண்ணெய் உருகித் தட்டில் குளமாக நிற்கும், பஃப்ஸ் அதிலேயே பொரியும். முதல் இருபது நிமிஷம் 210, கதவைத் திறக்கவே கூடாது. பிறகு 180-ல் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். மேலே சிவந்ததும் எடுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. எடுத்த இரண்டாவது நிமிஷம் அமுங்கும், கடித்தால் நடுவில் பச்சை மாவு பிசுபிசுக்கும். ஒன்றைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். அடியும் சிவந்து, பக்கவாட்டு லேயர்கள் காய்ந்த தாள் மாதிரி தெரிந்தால்தான் ஆயிற்று. உடனே கம்பி வலைமேல் மாற்றுங்கள், தட்டிலேயே விட்டால் தன் ஆவியிலேயே அடி ஊறிவிடும்.

ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் பதினான்கு நிமிஷம், நான்குக்கு மேல் வைக்க வேண்டாம், பாதியில் திருப்புங்கள். குக்கரில் உப்பைப் பரப்பிப் பத்தே நிமிஷத்தில் பஃப்ஸ் என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். அடி கருகும், மேலே வெளுத்தே இருக்கும். கேக்குக்கு அந்தச் சூடு போதும், இதற்குப் போதாது.

நவம்பர் வந்ததும் மாவை நீங்களே செய்யுங்கள். சென்னையில் ஏசி அறையில் ஐஸ் தட்டோடு மல்லுக்கட்டிச் செய்வதை, தில்லி அடுப்படி நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை இலவசமாகக் கொடுக்கிறது. இந்த ஊரில் குடியிருக்கிற நமக்கு அது ஒரு சொத்து. 250 கிராம் மைதா, 200 கிராம் உப்பு போட்ட அமுல் வெண்ணெய், 110 முதல் 120 மி.லி. ஐஸ் தண்ணீர், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. வெண்ணெயைச் சுண்டைக்காயைவிடப் பெரிய துண்டுகளாக வெட்டி மைதாவில் புரட்டி, சாறு கலந்த தண்ணீரைத் தெளித்துத் திரட்டுங்கள். பிசையாதீர்கள். பரோட்டா மாவுக்குப் பழகிய கை இங்கேதான் தப்புப் பண்ணும். பிசைந்தால் மாவு ரப்பராகி, தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். வெண்ணெய்த் துண்டுகள் திட்டுத்திட்டாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து, 15-க்கு 45 செ.மீ. நீளமாகத் தேய்த்து மூன்றாக மடியுங்கள், மேலே ஒட்டிய உலர்மாவைத் துணியால் தட்டிவிடுங்கள். மடிப்பு இடக்கைப் பக்கம் வருகிற மாதிரி திருப்பி, மறுபடி தேய்த்து மடியுங்கள். இப்படி நான்கு மடிப்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி ஃப்ரிட்ஜ். நான்கு மடிப்பில் 81 லேயர் ஆகிவிடும், வீட்டுக்கு அது போதும். கடைசியில் 35 செ.மீ. சதுரமாக, 4 மி.மீ. கனத்தில் தேய்த்து ஓரங்களை நறுக்கினால் ஒன்பது பஃப்ஸ். நறுக்கிய ஓரங்களைப் பிசைந்து உருட்டிவிடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்து, ஓமம் தூவி நீளக்கீற்றாக வெட்டிச் சுட்டால் டீக்கு ஆகும்.

ஜனவரியில் சிக்கல் தலைகீழ்: வெண்ணெய் கல்லாகிவிடும், தேய்த்தால் மாவுக்குள் ஓடு மாதிரி நொறுங்கும். பத்து நிமிஷம் வெளியே வைத்துக் கட்டையால் மெல்லத் தட்டிவிட்டுத் தேய்க்க ஆரம்பியுங்கள்.

வெஜ் பஃப்ஸானால் சுடாமலே ஃப்ரீஸரில் ஒரு மாதம் வைக்கலாம், உருக்காமல் அப்படியே சுட்டு ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். முட்டை வைத்ததை வைக்கக் கூடாது, வெள்ளைக்கரு ரப்பராகித் தண்ணீர் விடும். ஜூலை, ஆகஸ்ட் ஈரக்காற்றில் நமுத்துப்போனதை 160 டிகிரியில் ஏழு நிமிஷம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவில் சுடவைத்தால் இன்னும் தொய்ந்துவிடும்.

ஆர்.கே. புரம் பக்கம் அரசு குவார்ட்டர்ஸ்களில் நம்மவர்கள் நெருக்கமாக இருந்த காலத்தில் ஓடிஜி ஏது? கண்ணாடி மூடி போட்ட வட்டமான அலுமினிய ஓவன்தான், சூட்டைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பஃப்ஸைப் பாதியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவார்கள். ஃப்ரிட்ஜ் சின்னது, அதனால் ஜனவரி இரவில் மடித்த மாவை ஈரத்துணி சுற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பால்கனியில் வைப்பார்கள், குரங்கு தூக்காமல் இருக்க மூடிமேல் அம்மிக்குழவி. விடிந்ததும் மூடுபனியில் கைவிட்டு எடுத்தால் டப்பா விரலைக் கடிக்கும். உள்ளே கொண்டுவந்து டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் மாவு பதத்துக்கு வந்துவிடும்: வளைத்தால் வளையும், தொட்டால் ஒட்டாது.