ஒரே டென்னிஸ் கோர்ட்டில் 16 பிள்ளைகள்: வரிசையில் நிற்க வைக்காதீர்கள்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரே டென்னிஸ் கோர்ட், 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 16 பேர், பாதிப் பேர் வேடிக்கைதான் பார்க்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்; மே மாத வகுப்பைக் காலை 9 மணிக்கு வைக்கலாமா, ஏற்காட்டுக்கு மாற்றலாமா என்றும். முழுக் கோர்ட்டை மறந்துவிடுங்கள் சார். சின்னப் பிள்ளைகளுக்கென்றே உள்ள, குறைவாக எகிறும் சிவப்புப் பந்து ஆட்டத்துக்குக் கோர்ட்டின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர்தான். உங்கள் கோர்ட்டின் அகலமே, இரட்டையர் கோடுகளோடு சேர்த்து, 10.97 மீட்டர் இருக்கிறது, அதனால் குறுக்கே திருப்பி, வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு என்று நாலு குட்டிக் கோர்ட் சுண்ணாம்பில் போட்டுவிடலாம், ஒவ்வொன்றிலும் நாலு பேர். குட்டிக் கோர்ட்டுகளுக்கு வலையாக 80 சென்டிமீட்டர் உயரத்தில் கயிறு கட்டிப் பழைய துணி தொங்கவிட்டால் போதும். பந்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், சிவப்புப் பந்தே வாங்குங்கள், சாதாரணப் பந்து அந்த வயதில் தலைக்கு மேல் எகிறும். அப்புறம், மே மாதச் சேலம் வெயிலில் 9 மணி வகுப்பா? 6 மணிக்குத் தொடங்கி 8க்குள் வீட்டுக்கு அனுப்புங்கள். ஏற்காடு யோசனை நல்லதுதான், ஆனால் கோடை விழா நெரிசலில் தினமும் மலையேற எந்தப் பெற்றோர் வருவார்கள்?